முதலில் சோற்றுத் தட்டைப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அடுத்த மாதம் உன்னை மனநல வார்டில் வேலைக்குப் போடுகிறார்கள் என்று சொன்னதிலிருந்து சித்திக்குத் தூக்கமே இல்லை, அடிப்பார்களா, கடிப்பார்களா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தப் பயம் கிடையாது. இத்தனை வருஷம் தாதியாக இருந்தவளுக்கு இருக்கிற கவலை வேறு, அதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மனநோயாளிக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோகிறது. வயிறு வலிக்கிறது என்று அவர் சொன்னால் அதையும் மனநோயின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இது இன்று வந்த பழக்கமில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் (அன்று காகிதத்திலேயே அப்படித்தான் பெயர்) ஆட்களை வாரிக்கொண்டு போனது பெரும்பாலும் சீதபேதி, வயிற்றுப்போக்கு, காசநோய், காலரா. இடம் கொள்ளாமல் ஆட்களை அடைத்து, வாளிக் கக்கூஸ் வைத்து, ஒரே தண்ணீரில் எல்லாரையும் புழங்கவிட்டால் வேறென்ன வரும்? இங்கிலாந்திலேயே "பைத்தியக்கார ஆஸ்பத்திரிச் சீதபேதி" என்று நோய்க்கே பெயர் வைக்கிற அளவுக்கு அங்கே அது நிரந்தரமாக இருந்தது. சீதபேதிக் கிருமியை ஜப்பானில் ஷிகா என்ற டாக்டர் கண்டுபிடித்தது 1897-இல்தான். அதற்குப் பிறகும், கிருமி தெரிந்தது, கக்கூஸ் மாறவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்த கதை நம் கோலாலம்பூரில் நடந்தது. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி திறந்தது 1911-இல், இது அதற்கும் முந்தியது. கோலாலம்பூரில் இருந்த மனநோயாளிகள் விடுதியில் 1905-இல் பெரிபெரி வந்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். பெரிபெரி என்றால் அந்த இடத்துக் குற்றம், ஈரத் தரை, கெட்ட காற்று, கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றுதான் அப்போது பல டாக்டர்கள் நினைத்தார்கள், சுவரைக் கழுவுவதும் ஆட்களை இடம் மாற்றுவதுமாக இருந்தார்கள். இதற்கிடையில் நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்திருந்தார்: சயாம் வெள்ளை அரிசி சாப்பிடுகிற ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் விழுகிறார்கள், புழுங்கல் அரிசி சாப்பிடுகிற தோட்டத்துத் தமிழர்களுக்கு ஒன்றும் வருவதில்லை. உன் கொள்ளுப் பாட்டி காலத்துச் சோறுதான் அது.

விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வில்லியம் ஃபிளெட்சர். அரிசிதான் காரணம் என்பதை அவரும் சட்டென்று நம்பிவிடவில்லை, சோதித்துப் பார்த்தார். 1905 டிசம்பர் 5-ஆம் தேதி நோயாளிகளை எல்லாம் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து, இடது பக்கத்திலிருந்து எண் போட்டார்கள். ஒற்றைப்படை எண் கிழக்குக் கட்டடம், பழைய சயாம் அரிசியே தொடரும். இரட்டைப்படை எண் மேற்குக் கட்டடம், இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அடுத்த வருஷம் பாதியில், கட்டடத்தில்தான் கோளாறோ என்று பார்க்க இரண்டு பக்கத்தாரையும் இடம் மாற்றினார்கள், அரிசியை மட்டும் மாற்றவில்லை. நோய் அரிசியின் பின்னாலேயே போனது. வருஷ முடிவில் சயாம் அரிசி சாப்பிட்ட 120 பேரில் 36 பேருக்கு பெரிபெரி, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் இரண்டே பேர், அவர்களும் நோயோடு வந்து சேர்ந்தவர்கள், ஒருவர்கூட சாகவில்லை.

பெரிபெரி வருவது பி1 என்ற வைட்டமின் சத்து குறைவதால். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் அந்தச் சத்து உள்ளே அரிசியில் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. அந்தச் சத்தைப் பிரித்தெடுக்கவே 1926 ஆனது.

படிக்கிறவர்கள் எல்லாரும் இதை அருமையான ஆராய்ச்சி என்கிறார்கள். அருமைதான், அதனால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த 18 பேர் மனசைவிட்டுப் போக மாட்டேன் என்கிறார்கள். எந்தத் தட்டு வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவும் இல்லை. வரிசையில் ஒரு இடம் தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள், பாப்பா.

அதனால் நீ போனதும் தட்டைப் பார். யார் மிச்சம் வைக்கிறார், யாருடைய சோற்றைப் பக்கத்துக் கட்டில்காரர் எடுத்துச் சாப்பிடுகிறார், இதெல்லாம் ரவுண்ட்ஸ் நேரத்தில் தெரியாது, சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றால்தான் தெரியும். காலைத் தொட்டுப் பார். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடு, குழி விழுந்து அப்படியே நிற்கிறதா என்று பார். குந்தி உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழச் சொல், எழ முடியாதவரை சோம்பேறி என்று எழுதிவிடாதே. சம்சுச் சாராயம் குடித்துக் குடித்து வந்து சேர்கிறவர் உளறினால் உடனே மனநோய் என்று முடிவு கட்டாதே, பி1 போட்டாயிற்றா என்று கேள், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் கேள்.

கக்கூஸுக்கும் போய்ப் பார். சொல்லவே கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு, வராத தண்ணீர், சோப்பு இல்லாத குழாயடி, இவற்றால் அடக்கிக்கொண்டே இருக்கிற பெண்கள் உண்டு. குளோசபின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கட்டிக் குடல் அடைத்து உயிரே போகலாம், கடைசியாக எப்போது போனார் என்று தினமும் கேட்டு எழுதிவை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு அக்கா பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே திரிந்தார், "அவள் அப்படித்தான்" என்று நாட்கணக்கில் விட்டுவிட்டார்கள், முகம் வீங்கிய பிறகுதான் வாயைத் திறந்து பார்த்தார்கள்.

பெரிய டாக்டரிடம் சண்டைக்குப் போகாதே. அங்கே பல வருஷமாக இருக்கிற தாதிகளிடமும், தரையைத் துடைக்கிற அக்காவிடமும் உட்கார்ந்து பேசு, யாருக்கு உடம்பு சரியில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். எடை பார்த்துப் பல மாதம் ஆனவர்களின் சார்ட்டை எடுத்துத் தனியே வை, தராசை நீயே தள்ளிக்கொண்டு போ.

சேர்ந்த அன்று ராத்திரி கூப்பிடு. எத்தனை கட்டில், எத்தனை கக்கூஸ் என்று கேட்பேன், எண்ணி வை.

அம்மா