செயலாளர் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. பொங்கல் விழா, லிஃப்ட் பராமரிப்பு, பெயின்ட் வேலை எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேசப்போவது எஸ்.டி.பி. பற்றி, அதாவது பின்பக்கம் இருக்கும் நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். நம் ஓ.எம்.ஆர். பக்கம் லாரிக்காக ராத்திரியெல்லாம் விழித்திருந்தோம். ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. அதில் 45 லிட்டர் ஃப்ளஷ்ஷுக்கே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு! அதனால்தான் சுத்திகரித்த நீரை ஃப்ளஷ் குழாய்க்கும் தோட்டத்துக்கும் திருப்பிவிடும் வேலையை இந்த ஆண்டு எல்லா பிளாக்கிலும் முடித்தோம்.

ஆகஸ்டில் புகார்கள் வந்தன. ஃப்ளஷ் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று. தவறு என்னுடையது. கரண்ட் பில்லைக் குறைக்கலாம் என்று எஸ்.டி.பி. தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயரை இரவில் அணைக்கச் சொன்னது நான்தான். அந்தத் தொட்டியில் கழிவைத் தின்பவை பாக்டீரியாக்கள். காற்று நின்றால் அவை செத்துப்போகும், தொட்டி அழுகத் தொடங்கும். இதை நம் ஆபரேட்டர் அன்றைக்கே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அப்புறம் சாணத்தைக் கரைத்து ஊற்றி, புளோயரை இடைவிடாமல் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினார்.

அவர் தினமும் காலையில் ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அரை மணி நேரம் அசையாமல் வைப்பார். அந்த பாக்டீரியாக்கள் திரண்ட பழுப்புச் சேறு அடியில் கெட்டியாகப் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் எல்லாம் சரி. நேரமிருந்தால் ஒருநாள் போய்ப் பாருங்கள். ஆசிட்டையும் பினாயிலையும் பாட்டில் பாட்டிலாகக் கழிவறையில் கொட்டாதீர்கள் என்று அவர் கேட்பது ஏன் என்பது புரியும்.

சில மாமிகளுக்கு இன்னும் அருவருப்பு இருக்கிறது. இதைக் குடிக்கச் சொல்லவில்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் குடிநீர் வாரியம் நாளைக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் அளவுக்கு ஆலை வைத்திருக்கிறது. நாம் செய்வது அதில் ஒரு துளி. தவிர, நம் தெரு வடிகால் போய்ச் சேருவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். பாதி சுத்தமான தண்ணீரை அங்கே விட எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலத்தில் தோட்டத்துக்குத் தேவையில்லாதபோது மிஞ்சும் நீரை என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. யோசனை இருப்பவர்கள் இன்றே சொல்லலாம்.

புளோயர் ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டு போட்டாயிற்று. சாவி ஆபரேட்டரிடம் இருக்கிறது; என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்