புதிய கவிஞர்கள் எங்கே என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரை, மலேசியத் தமிழில் புதிதாகக் கவிதை எழுத வருகிறவர்கள் அருகிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தது. எழுதியவரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்னது சரியில்லை. கோலாலம்பூர் செந்தூலில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து நான் ஒரு சிறிய கவிதைப் பதிப்பகம் நடத்துகிறேன். எங்களுக்கு வரும் கவிதைகளைப் படித்து முடிக்கவே நேரம் போதவில்லை. அலுவலகக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் பெண்கள், இரவுக் காவல் வேலை பார்ப்பவர்கள், பிபிஆர் எனப்படும் அரசின் மலிவு விலை அடுக்குமாடிகளில் வளர்ந்த பிள்ளைகள், திருநங்கைகள், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளுகிறவர்கள், இலங்கையிலிருந்து வந்து அகதி அட்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். அது புத்தகமாகி உங்கள் கட்டுரையாளர் கைக்குப் போய்ச் சேரத்தான் வழியில்லை.

நம் ஊரில் கவிதை நூல் எப்படி வெளிவருகிறது என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். எழுதியவரே கைக்காசைப் போட்டு அச்சடிப்பார். மண்டபம் பிடிப்பார். அழைப்பிதழில் டத்தோ பட்டம் பெற்ற ஒருவர் பெயரும் ஒரு தலைவர் பெயரும் இருக்கும். முதல் நூலை ஒருவர் பெரிய தொகை கொடுத்து வாங்குவார். அவருக்குப் பின்னால் பிரமுகர்கள் வரிசையாகப் பண உறையோடு மேடையேறுவார்கள். அந்த ஒரு மாலையில் போட்ட காசு திரும்பிவிடும். மீதிப் பிரதிகள் பெட்டியோடு வீட்டில் இருக்கும்.

இந்த வழக்கத்தை நான் பழிக்கவில்லை. தமிழ்ப் புத்தகம் விற்கும் கடைகளை விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டில், நம் எழுத்தாளர்கள் நூல் போட முடிந்தது பெரும்பாலும் இதனால்தான். தேசிய இலக்கியம் என்றால் மலாய்மொழியில் எழுதப்பட்டது மட்டுமே என்பது இங்குள்ள கொள்கை. 1981 முதல் வழங்கப்படும் சாஸ்தரவான் நெகாரா என்ற தேசிய இலக்கியவாதி விருதும் தமிழில் எழுதுகிறவருக்குக் கிடையாது. அந்த நிலையில் நம் சமூகமே கைகொடுத்து நம் எழுத்தைத் தாங்கியது. அதை மறக்கக் கூடாது.

ஆனால் இந்த வழியில் வருவதற்கு முதலில் கையில் பணம் வேண்டும். அப்புறம், டத்தோவைத் தெரிந்த ஒருவரையாவது தெரிந்திருக்க வேண்டும். மாலை ஷிஃப்டுக்குப் போகிற பெண் மண்டபத்தை நிறைக்க யாரைக் கூப்பிடுவார்? குடும்பத்துக்கும் முதலாளிக்கும் தெரியாமல் புனைபெயரில் எழுதுகிறவர் எப்படி மேடையேறி மாலை வாங்கிக்கொள்வார்? நூலுக்கு விழா என்று இருந்த நிலை மாறி, விழா எடுக்க முடிந்தவருக்குத்தான் நூல் என்று ஆகிவிட்டது. இதை நாம் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் வெளியே நிற்கிறவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள்.

எங்கள் பதிப்பகம் எழுதுகிறவரிடம் காசு வாங்குவதில்லை. ஒரு நூலை 200, மிஞ்சினால் 300 பிரதி டிஜிட்டல் அச்சில் போடுகிறோம். தீர்ந்தால் மறுபடி அடிக்கிறோம். விலை 20 வெள்ளி (ரிங்கிட்). கடைக்காரருக்குக் கழிவு, அஞ்சல் செலவு எல்லாம் போக மிஞ்சுவது அச்சுக்கூலிக்கே சில சமயம் போதாது. சம்பளம் யாருக்கும் இல்லை, எல்லோருக்கும் பகலில் வேறு வேலை இருக்கிறது.

பணத்தைவிட அதிக உழைப்பைக் கேட்பது எழுத்தைப் பக்கமாக்கும் வேலை. மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் பேசத் தெரிந்தும் எழுத வராதவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தங்கள் கவிதைகளை வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்புகிறார்கள். கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறோம். வரியை எங்கே முறிப்பது என்பதில்தான் சிக்கல். சொன்னவர் மூச்சு வாங்கிய இடமெல்லாம் வரி முடியும் இடம் ஆகாது. அச்சுப்படியை அவருக்கு வாசித்துக் காட்டி, இங்கே நிறுத்தலாமா, அடுத்த சொல்லையும் சேர்க்கலாமா என்று கேட்டுத்தான் ஒவ்வொரு பக்கமும் அமைகிறது. ஒரு கவிதைக்கு ஒரு மாலை முழுவதும் போகும்.

மெய்ப்புப் பார்ப்பது இன்னும் சிரமம். தமிழாசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் அன்போடு பார்த்துத் தருகிறார்கள். பெரட்டு (காலை ஆள்கணக்கு), கித்தா (ரப்பர்), ஆயாக்கொட்டகை (பிள்ளைக் காப்பகம்) என்று வரும் ரப்பர்த் தோட்டத்துப் பேச்சைக் கண்டதும் அவர்கள் பேனா தானாக அடித்துத் திருத்திவிடும். ஒற்றுப்பிழையைத் திருத்துங்கள் ஐயா, பேச்சைத் தொடாதீர்கள் என்று ஒவ்வொரு நூலுக்கும் மன்றாட வேண்டியிருக்கிறது. புக்கிட் ஜாலிலில் இன்று தேசிய விளையாட்டரங்கம் நிற்கிறது. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் தோட்டம். அப்படிப் போன தோட்டங்கள் எத்தனையோ. லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு) இடிபட்டு அடுக்குமாடிக்கு ஏறியவர்களுக்கு அந்த வாழ்க்கையிலிருந்து மிஞ்சியதே அந்தப் பேச்சுதான். அதையும் திருத்தி எழுதிவிட்டால் அது யாருடைய கவிதை?

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி, அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நூலில் இருந்தாக வேண்டும். எழுதியவரின் சொந்தப் பெயரை அது கேட்பதில்லை. ஆகவே பெயரை வெளியே சொல்ல முடியாத கவிஞருக்கு முன்னால் எங்கள் முகவரி நிற்கிறது. கேள்வி கேட்கிறவர் எங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும். பதிப்பாளரின் கடமையில் பாதி இதுதான் என்று நான் நம்புகிறேன். அச்சகத்தாரின் தயக்கமும் எனக்குப் புரிகிறது, அச்சு உரிமம் அவர் பிழைப்பு. ஒரு கவிதையைப் படித்துவிட்டு, "இது வேண்டாமேம்மா" என்று ஒருவர் திருப்பித் தந்தார். வேறு அச்சகம் தேடிக்கொண்டோம். ஒரு வரியையும் எடுக்கவில்லை.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. இங்கே இருக்கும் அகதிக்கு வேலை செய்யும் உரிமை சட்டத்தில் இல்லை, வங்கிக் கணக்கு குதிரைக்கொம்பு. அவர்கள் நூல் விற்ற பணத்தைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. 200 பிரதி அடிக்கிறவருக்கு 5 என்பது கொஞ்சமில்லை. ஆனாலும் மனமுவந்து கொடுக்கிறேன். இந்த மண்ணிலேயே பிறந்தும் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காத ஒரு பெண்மணியின் நூல் ஜாலான் துன் ரசாக்கில் நாட்டின் நூலகத்தில் சேர்ந்த நாளில் அவர் என்னை அழைத்து, "என் பேரு அங்க இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். இந்த வேலையை விடாமல் செய்வதற்கு அது ஒன்றே எனக்குப் போதும்.

இனி உங்களிடம் நான் கேட்க வந்தது. புதுக்கவிதை இந்த நாட்டில் வேர் பிடித்ததே செய்தித்தாள்களின் ஞாயிறு பக்கங்களிலும் வார இதழ்களிலும்தான். 1970களின் பிற்பகுதியில் பத்திரிகையாளர் ஆதி குமணன் நடத்திய வானம்பாடி வார இதழ் எத்தனை இளைஞர்களை எழுத வைத்தது என்று மூத்த வாசகர்கள் சொல்வார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றபோது, முதல் கவிதையை அனுப்பிப் பார்க்க இருந்த இடங்களில் ஒன்று போய்விட்டது. மிஞ்சியிருக்கும் பக்கங்கள் உங்களிடம் இருக்கின்றன. அங்கே வெளியீட்டு விழாச் செய்தி படத்தோடு வருகிறது, மேடையில் இருந்த எல்லோர் பெயரும் வருகிறது. நூலுக்குள் என்ன இருக்கிறது என்பது எப்போதாவதுதான் வருகிறது. விழா நடக்காத நூல் உங்கள் பக்கத்துக்குள் நுழைவதே இல்லை.

மாதம் ஒரு முறையாவது அப்படிப்பட்ட ஒரு நூலுக்கு மதிப்புரை போடுங்கள். பாராட்டச் சொல்லவில்லை. கவிதை சுமார் என்றால் சுமார் என்றே எழுதட்டும். எது பலவீனம், எந்த வரி தேவையில்லை என்று காட்டட்டும். பாவம், கஷ்டப்பட்டவர் எழுதியது என்று தட்டிக்கொடுத்துப் பேசுவதை எங்கள் கவிஞர்கள் யாரும் விரும்புவதில்லை. மற்றவர்களைப் படிக்கிற மாதிரி தங்களையும் படிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, தோட்டத்துத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எழுதுகிறார்கள். நூல் அச்சுக்குப் போகும் முன்பே 20 வெள்ளி கொடுத்துப் பதிவு செய்துகொள்ள 100 பேர் இருந்தால், சிறு பதிப்பகம் எதுவும் எந்தப் பிரமுகருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இந்த ஆண்டு நாங்கள் வெளியிட்ட நூல்களில் இரண்டிரண்டு பிரதிகளை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மதிப்புரை எழுதக்கூடியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி
செந்தூல், கோலாலம்பூர்