கிராம அபிவிருத்திச் சங்கம்: 2024–2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், போசகர்கள், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழமையான பணிகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாதக் கூட்டங்கள் நடைபெற்றன. வாசிகசாலைக் கூரை திருத்தப்பட்டது. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது தொழில் வலய விடயமே என்பதால், மிகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என்ற அரசின் அறிவிப்பை எமது சங்கம் எதிர்க்கவில்லை. காஸ்டிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரோடு நின்றுபோனதால் எத்தனை அடுப்புகள் அணைந்தன என்பதை அங்கு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளே பொதுக்கூட்டத்தில் எடுத்துரைத்தனர். எங்கள் கேள்வி, எல்லைக்கல் எங்கே நடப்படும் என்பது மட்டுமே.

அளவையாளர்கள் கொண்டுவந்த வரைபடத்தில் எங்கள் சிறுகுளத்தின் அலைகரையும் (நீர் ஏறி இறங்கும் கரையோரம்) அதற்கு மேலுள்ள மேய்ச்சல் தரையும் ‘பற்றைக்காடு’ என்று ஒரே பச்சையாகப் பூசப்பட்டிருந்தன. மூத்த அங்கத்தவர் ஒருவர் அவர்களைக் கூட்டிச் சென்று, மண்ணில் பாதி புதைந்த பழைய துருசு (மதகு) கல்லையும், வான் (குளம் நிரம்பினால் மிகைநீர் வழியும் இடம்) பாய்ந்த தண்ணீர் கீழ்க்குளத்துக்கு இறங்கும் தாழ்வையும், பட்டிமாடுகள் நிற்கும் பாலைமர நிழலையும் காட்டினார். “தம்பியவை, மாரி வந்தால் உங்கட கல்லு தண்ணிக்குள்ளதான் நிக்கும்” என்றார். வன்னிக் குளங்கள் ஒன்றின் வான்நீர் அடுத்ததை நிரப்பும் தொடராக அமைந்தவை; அந்தத் தாழ்வை மண்ணிட்டு நிரப்பினால் மாரியில் மேலே வெள்ளம் தேங்கும், சிறுபோகத்தில் (கோடைகால நெற்செய்கை) கீழ்வயல் காயும். காலபோகம் (மாரிகால நெற்செய்கை) விதைத்த பின் மாடுகளை விடவும் வேறு இடமில்லை.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானியின்படி, 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட கைத்தொழிற்பேட்டைக்கும், 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதற்கும் சுற்றாடல் அங்கீகாரம் வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை குறித்து 30 நாட்களுக்குள் பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கலாம். அவ்வறிக்கை தயாராகிறதா என 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் அலுவலகத்திடம் கேட்டோம். 14 வேலை நாட்கள் கடந்தும் பதில் வராததால் மேன்முறையீடு செய்துள்ளோம்.

‘பூர்வீகக் குடிகளின் உரிமை’ என்று, இவ்விடயம் பற்றி நாம் அனுப்பவிருந்த கடிதத்தில் எழுதலாமா என்பதில் செயற்குழு இரண்டுபட்டது. பூர்வீகக் குடிகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. ஆனால் அவர்களைப் பற்றிய, 1989ஆம் ஆண்டின் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 169ஆம் இலக்க உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. அந்தப் பெயர் வேடர் சமூகத்துக்கே முதலில் உரியது, நாம் அதை இரவல் வாங்கக் கூடாது என்றனர் சிலர். அது நியாயமென்றே நானும் கருதுகிறேன். ஆயினும் நிலத்தில் கைவைக்கும் முன்னர் விபரம் முழுவதையும் சொல்லி, வற்புறுத்தலின்றிச் சம்மதம் பெற வேண்டும் என்ற அப்பிரகடனத்தின் கொள்கை, காணி உறுதியோ உத்தரவுப்பத்திரமோ இல்லாமல் தலைமுறையாக மாடு மேய்த்துத் தேன் எடுத்தவர்களுக்கும் பொருந்த வேண்டும் என்றே கடிதத்தில் எழுதினோம்.

வரும் மாரியில் வான் பாயும்போது நீரின் வழியே நடந்து எமது சொந்த வரைபடத்தைக் கீறுவதெனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. கைத்தொலைபேசியில் இடங்களைப் பதியத் தெரிந்த இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும்.

செயலாளர்