'எளிது' என்று எழுதுபவர்களுக்கு

மலையேற்றப் பயணங்களை நடத்துபவர்களுக்கும், பாதைகளுக்குத் தரம் போடுபவர்களுக்கும்,

வணக்கம். 'எளிது, குடும்பத்தோடு வரலாம், 8 கி.மீ.' என்று போட்டிருந்த ஒரு பாதைக்கு 7 வயது மகளையும் 4 வயது மகனையும் கூட்டிக்கொண்டு போனோம். முதல் 3 கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு திருப்பத்தில் பாதை ஓர் ஆள் அகலத்துக்குச் சுருங்கியது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் கிடுகிடு பள்ளம். பெரியவர்களுக்கு அது வெறும் இருபது காலடிதான், பேசிக்கொண்டே கடந்துவிடுவார்கள். என் மகன் அந்த நேரம் பார்த்து ஒரு வண்டைத் துரத்திக்கொண்டிருந்தான். அங்கேயே திரும்பிவிட்டோம்.

பாதையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூச்சு வாங்குமா, கால் வலிக்குமா என்று பார்த்து 'எளிது' என்று போடுகிறீர்கள். பிள்ளை பெற்றவர்களுக்குக் கால் வலி பெரிய விஷயமே இல்லை. தவறி விழுந்தால் எங்கே போய் நிற்கும் என்பதுதான் எங்கள் கேள்வி. சுவிஸ் ஆல்பைன் கழகம் என்ற மலையேறுவோர் சங்கத்தின் டி1 முதல் டி6 வரையிலான பாதைத் தரவரிசை விழும் ஆபத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதில் ஆகச் சுலபமான டி1 பாதையில்கூட, நடப்பவர் ஒழுங்காக நடந்துகொண்டால் விழும் ஆபத்து பெரும்பாலும் இல்லை என்றுதான் வைத்திருக்கிறார்கள். நாலு வயதுப் பையனிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியுமா, சொல்லுங்கள்.

நேரக் கணக்கும் அப்படித்தான். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்கில் 400 மீட்டர் ஏற்றமுள்ள 8 கி.மீ. பாதைக்கு இரண்டேகால் மணி நேரம் போதும். எங்களுக்கு முதல் 3 கிலோமீட்டருக்கே இரண்டரை மணி நேரம் ஆனது. ஓடையில் கல் எறிந்தது, எறும்புப் புற்றைப் பார்த்தது, சிறுநீர் கழிக்க நின்றது எல்லாம் சேர்த்துத்தான். ஆகவே தூரத்தோடு மொத்த ஏற்றம் எவ்வளவு, நிழலும் தண்ணீரும் எங்கே, பாதி வழியில் இறங்கிவிட வேறு தடம் உண்டா என்பதையும் போடுங்கள்.

பல நாள் பயணம் என்றால் உச்சியின் உயரத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். எங்களுக்கு முதலில் வேண்டியது இரவில் தூங்கும் இடத்தின் உயரம். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் தங்கினால், உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலை நோய் யாருக்கும் வரலாம். பெரியவர் தலை வலிக்கிறது என்பார். இரண்டு வயதுக் குழந்தை சாப்பிடாது, விளையாடாது, விடாமல் அழும். நாமோ களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். நோய் முற்றினால் கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். எனவே ராத்திரியோடு ராத்திரியாக இறங்க வழியில்லாத முகாமை, எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தைகளுக்கு ஏற்றது என்று எழுதாதீர்கள்.

'5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்' என்ற வரியும் எனக்குப் பெரிதாக உதவியதில்லை. முதுகுப் பையில் சமர்த்தாக உட்கார்ந்து வரும் ஒரு வயதுக் குழந்தையைவிட, தானே நடப்பேன் என்று கையை உதறும் மூன்று வயதுதான் பள்ளத்தின் ஓரத்தில் பயமுறுத்தும். ஆனால் பைக்குள் இருக்கும் குழந்தைக்கு வேறொரு கஷ்டம் உண்டு. சுமப்பவருக்கு வியர்த்துக் கொட்டும்போது, அசையாமல் தொங்கும் அந்தக் கால்கள் சில்லிட்டுப் போயிருக்கும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குளிர் கூடும், காற்று வேறு. வழிகாட்டிகள் அவ்வப்போது நிறுத்தி, குழந்தையின் கை கால்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கடைசியாக, குழுவாக அழைத்துப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி. ஒரு குடும்பம் திரும்ப வேண்டும் என்றால் கூடவே இறங்கிவர இரண்டாவது வழிகாட்டி இருக்கிறாரா? ஒருவர்தான் என்றால் எங்களுக்காக இருபது பேர் காத்திருக்க வேண்டும். அந்தக் கூச்சத்திலேயே, வேண்டாம் என்று மனம் சொல்லும் இடத்தையும் தாண்டிப் போய்விடுவோம். நாங்கள் தனியாகப் போனதால் திரும்புவது சுலபமாக இருந்தது. கூட்டத்தோடு போயிருந்தால் திரும்பியிருப்போமா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

என் மகளுக்கு உச்சியைப் பார்க்காதது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஓடைக்கு மறுபடி எப்போது போவோம் என்றுதான் நச்சரிக்கிறாள். ஓடை வரை போய்த் திரும்பும் 2 கிலோமீட்டரைத் தனிப் பாதையாகவே பட்டியலில் சேர்க்கலாம். அந்த இருபது காலடியைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாதி வழியில் திரும்பிய ஒரு தாய்