எங்கே போவது என்று எழுது

அப்புத்தளை

அன்பு மகளுக்கு,

காலநிலை மாற்றம் பற்றித் தோட்ட மக்களுக்குக் கொடுக்க நீ அனுப்பிய துண்டுப்பிரசுரத்தை நானும் அம்மாவும் வாசித்தோம். அச்சு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பனிக்கரடி எதற்கு? தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இருக்கிற சனம் பார்த்துவிட்டு "ஐயோ பாவம்" என்று சொல்லி மடித்து வைத்துவிடும்.

பயம் காட்டினால்தான் மக்கள் அசைவார்கள் என்கிறார் மாப்பிள்ளை. நம்பிக்கையூட்ட வேண்டும் என்கிறாய் நீ. போனில் நீங்கள் பிடித்த சண்டையை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இங்கே பயத்துக்குப் பஞ்சமே இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மேல் லயத்துக்காரர்கள் பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் தூக்கிக்கொண்டு கோவில் மடத்துக்கு வந்துவிட்டார்கள். காம்பரா என்கிற லயத்து அறைச் சுவரில் வெடிப்பு அகலமாகிக்கொண்டு போனது, பீலிக் குழாயில் தண்ணீர் சேறாக வந்தது, அதைப் பார்த்தே கிளம்பினார்கள். போனில் வந்த எச்சரிக்கை சிங்களத்தில் இருந்தது, உயர்தரம் படிக்கிற பையன் ஒருவன்தான் வாசித்துச் சொன்னான். மழை விட்டதும் அதே வெடித்த சுவருக்குள் திரும்பிப் போனார்கள். வேறு எங்கே போவது?

அதனால் "தோட்ட மக்களிடம் விழிப்புணர்வு குறைவு" என்ற வரியை முதலில் எடுத்துவிடு. மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டம் நமக்குத் தூரம் இல்லை. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் சொல்லியிருந்தது. சொன்னது சரி, மாறிப்போக நிலம்? லயக் காம்பரா தொழிலாளி பேரில் இல்லை, பக்கத்தில் ஒரு குடிசை போடவும் தோட்டத்தைக் கேட்க வேண்டும். அப்புறம் "சொன்னோம், கேட்கவில்லை" என்று பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொரு விஷயம். 2021-ல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், மண்ணுக்கும் உடம்புக்கும் நல்லது என்றார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் அதற்குள் கொழுந்து குறைந்துவிட்டது. பறிக்க வேண்டிய கிலோ நிறையாவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். செக்ரோல் என்கிற வேலை நாள் பதிவேட்டில் பேர் போட்டே நரைத்தவன் நான், அரைப் பேர் விழுந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். நீ மேடையேறி "சூழலைக் காப்போம்" என்று தொடங்கினால், இந்தத் தடவை எத்தனை கிலோ குறையும் என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உலகத்தைச் சூடாக்குகிற புகையில் இலங்கையின் பங்கே மிகச் சொற்பம். விறகில் ரொட்டி சுடுகிறவளிடம் போய்ப் புகையைக் குறை என்று சொல்லிவைக்காதே.

மழையில் தொடங்கு. ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடிக்கும் என்று என்னிடம் சொன்னாயே, அது இவர்களுக்குச் சட்டென்று புரியும். மாதக்கணக்கில் காய்கிறது, பிறகு ஒரே ராத்திரியில் கொட்டுகிறது, கண்ணால் பார்க்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது அந்தக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுக் கணக்கு. மில்லிமீட்டரை யார் கண்டார்கள்? பழைய தோட்ட மழைப் புத்தகத்தில் அங்குலம்தான், நானும் அப்படித்தான் எழுதினேன். மூன்று, நாலு, ஆறு அங்குலம். அடியும் வாயும் ஒரே அகலமான டின்னை முற்றத்தில் வைத்து, உள்ளே ஆணியால் மூன்று கோடு கீறினால் போதும். பனிக்கரடி இருக்கும் இடத்தில் அந்த டின்னைப் படமாகப் போடு.

பின்பக்கத்தில் எந்த லயம் எங்கே போவது என்று தெளிவாக எழுது. இடமில்லாத லயத்துக்கு "இடமில்லை" என்றே எழுது. தோட்டத்தை நடத்துகிற துரைக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்க வேண்டும், அந்த வரியை அவர்கள்தான் முதலில் வாசிக்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் பயம் காட்ட ஆசையாக இருந்தால் அவர்களிடம் காட்டட்டும்.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வை. மற்ற நாளில் கொழுந்து நிறுத்து வீடு வந்த பிறகு யாருக்கும் உட்காரத் தெம்பு இருக்காது. மடத்துச் சாவி பூசாரியிடம் மட்டும்தான் இருக்கிறது, அவர் பொழுது சாய்ந்தால் டவுனுக்குப் போய்விடுவார். மேல் லயத்தில் ஒரு சாவி இருக்கட்டும் என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன். யார் கையில் கொடுக்கிறார் என்று தெரிந்ததும் சொல்கிறேன், அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடு.

அன்புடன்,
அப்பா