பபாதாவின் பத்திரக் கட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் யூதச் சட்டத்தின் வளர்ச்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் ரோமப் படையால் அழிந்தது, அப்புறம் ரபிகள் என்ற யூதச் சட்ட அறிஞர்கள் சட்டக் கல்வியை எப்படித் தாங்கிப் பிடித்தார்கள், 200 வாக்கில் யூதா ஹநாசி என்ற ரபி வாய்மொழிச் சட்டங்களை மிஷ்னா என்ற நூலாக எப்படித் தொகுத்தார், அதன்மேல் கலிலேயாவில் ஒன்றும் பாபிலோனியாவில் ஒன்றுமாக, தல்மூது எனப்படும் விளக்கத் தொகுப்புகள் இரண்டு எப்படி எழுந்தன என்பதையெல்லாம் கட்டுரையாளர் அழகாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நூற்றாண்டுகளில் யூதர் ஒவ்வொருவரின் குடும்ப விவகாரமும் கொடுக்கல் வாங்கலும் ரபிகளின் சட்டப்படியே நடந்தன என்கிறார் அவர்.

நான் சிவில் வழக்குகளிலேயே காலம் கழித்தவன். சட்டப் புத்தகம் சொல்வது ஒன்றாக இருக்கும், மக்கள் பத்திரத்தில் எழுதிக்கொள்வது வேறாக இருக்கும். ஒரு காலத்தின் சட்டத்தைப் புரிந்துகொள்ள இரண்டையும் பார்த்தாக வேண்டும். யூதச் சட்ட வரலாற்றில் அப்படிப் பார்க்க வழியில்லாமல் இல்லை. அந்த மக்களின் பத்திரங்களே கிடைத்திருக்கின்றன.

1961-இல் தொல்லியல் அறிஞர் யிகேல் யாதீன் தலைமையிலான குழு, சாக்கடலுக்கு மேற்கே நஹல் ஹெவர் பள்ளத்தாக்கின் குகை ஒன்றில் ஒரு பெண்ணின் பத்திரக் கட்டைக் கண்டெடுத்தது. அவர் பெயர் பபாதா. சாக்கடலின் தென்கோடியில் மகோசா என்ற ஊரில் பேரீச்சந்தோப்புகள் வைத்திருந்த யூதப் பெண். மொத்தம் 35 பத்திரங்கள், கி.பி. 94 முதல் 132 வரை. கிரேக்கம், அரமேயம், நபத்தேயம் (பெத்ராவைத் தலைநகராகக் கொண்டிருந்த நபத்தேய மக்களின் மொழி) என மூன்று மொழிகள். கிரயம், கடன், திருமண ஒப்பந்தம், கோர்ட்டு சம்மன் எல்லாம் உண்டு. ரோமருக்கு எதிராக யூதர்கள் நடத்திய பார் கோக்பா கிளர்ச்சிக் காலத்தில் குகைக்கு ஓடி ஒளிந்தபோது கையோடு கொண்டுபோன கட்டு அது.

அதில் ஒரு கார்டியன் வழக்கு இருக்கிறது. முதல் கணவர் இறந்தபின் பபாதாவின் சிறுவயது மகனுக்கு இரண்டு கார்டியன்கள் நியமிக்கப்படுகிறார்கள். நியமித்தது ரபிகளின் நீதிமன்றம் அல்ல, பெத்ரா நகர மன்றம். ஒருவர் யூதர், மற்றவர் நபத்தேயர். பையனின் செலவுக்கு அவர்கள் மாதம் 2 தெனாரியம் (ரோம வெள்ளிக் காசு) கொடுக்கிறார்கள். அது போதாது என்று 125-இல் பபாதா ரோம ஆளுநரின் நீதிமன்றத்தை நாடுகிறார். அவர் வைக்கும் வாதம் எந்த வழக்கறிஞரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்: பையனின் பணத்துக்கு நீங்கள் தருவது நூற்றுக்கு அரை தெனாரியம் வட்டிதான், பணத்தை என்னிடம் ஒப்படையுங்கள், என் சொத்தை ஈடாக வைத்து நூற்றுக்கு ஒன்றரை தெனாரியம் தருகிறேன், என் மகன் வசதியாக வளர்வான். அவருக்கு எழுதத் தெரியாது, அதனால் வேறொருவர் அவருக்காக எழுதிக் கொடுத்தார் என்றும் அந்தப் பத்திரத்திலேயே இருக்கிறது. அது மட்டுமல்ல, கார்டியன் மீது வழக்குப் போடுவதற்கான ரோமச் சட்ட வாசகத்தின் கிரேக்க வடிவத்தை மூன்று பிரதிகள் எடுத்து வைத்திருந்தார்.

இதனால் அவர் யூத முறையைக் கைவிட்டவர் என்று ஆகிவிடாது. அவருடைய இரண்டாம் திருமண ஒப்பந்தம் அரமேயத்தில், யூத வழக்கப்படியே எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் காரியத்துக்கு எந்த இடம் பலன் தருமோ அங்கே போனார், அவ்வளவுதான்.

பபாதா மிஷ்னாவுக்கு முந்தியவர் ஆயிற்றே என்று கட்டுரையாளர் கேட்கலாம். சரி, மிஷ்னாவையே எடுத்துக்கொள்வோம். யூதரல்லாதவர் மன்றங்களில் பதிவான பத்திரங்கள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யூதரல்லாதவர்களாக இருந்தாலும் செல்லும், விவாகரத்துப் பத்திரமும் அடிமை விடுதலைப் பத்திரமும் மட்டும் விலக்கு என்று கித்தீன் பகுதியின் முதல் அத்தியாயம் சொல்கிறது. மக்கள் அங்கே போய்ப் பதிவு செய்துகொண்டிருந்ததால்தான் இப்படி ஒரு விதி தேவைப்பட்டது. அந்த மன்றங்களின் சட்டம் நம் சட்டத்தைப் போலவே இருந்தாலும் அங்கே போகக் கூடாது என்று ரபி தர்ஃபோன் சொன்னதாகத் தல்மூதில் வருகிறது. யாருமே போகாத இடத்துக்குப் போகாதே என்று ஏன் சொல்ல வேண்டும்? பாபிலோனியாவில் சமுவேல் என்ற அறிஞர் ஒரு படி மேலே போய், அரசின் சட்டமும் சட்டமே என்று வகுத்தார்.

நூலும் பத்திரமும் கைகோக்கும் இடங்களும் உண்டு. பபாதாவின் பல பத்திரங்கள் ஒரே தாளில் இரண்டு முறை எழுதப்பட்டவை. மேல் பிரதியைச் சுருட்டி நூலால் கட்டிவிடுவார்கள், முடிச்சுகளை ஒட்டிப் பின்பக்கத்தில் சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். கீழ்ப் பிரதி அன்றாடம் பார்க்கத் திறந்தே இருக்கும். கீழே யாராவது கைவைத்துத் திருத்திவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் கட்டை அவிழ்த்து மேலே இருப்பதோடு ஒப்பிடலாம். மோசடியைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மிஷ்னாவின் பாவா பத்ரா பகுதி, சாதாரணப் பத்திரத்துக்குச் சாட்சிகள் உள்ளே, கட்டிய பத்திரத்துக்குப் பின்பக்கம், முன்னதற்கு இருவர், பின்னதற்கு மூவர் என்று விதிக்கிறது. வெறும் நூலில் படிக்கும்போது புரியாத அந்த வரி, குகையில் கிடைத்த தாளைப் பார்த்ததும் கண்முன் நிற்கிறது.

பிற்காலத்துக்கும் சான்று உண்டு. ரோமப் பேரரசின் 398-ஆம் ஆண்டுச் சட்டம், யூதர்கள் தங்கள் வழக்குகளைப் பொது நீதிமன்றங்களுக்கே கொண்டுவர வேண்டும் என்றது. சிவில் விவகாரங்களில் இரு தரப்பும் சம்மதித்தால் தங்கள் தலைவர்களிடம் மத்தியஸ்தம் செய்துகொள்ளலாம். ரோமச் சட்டத்தின் பார்வையில், அந்தக் காலத்து ரபி ஒருவர் சிவில் வழக்கில் மத்தியஸ்தர்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெத் ஷெயானுக்குத் தெற்கே ரெஹோவ் என்ற ஊரின் தொழுகைக்கூடத் தரையில், சுமார் 6, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 29 வரிக் கல்வெட்டு ஒன்று சிறு கற்சில்லுகளால் பதிக்கப்பட்டிருக்கிறது. நிலம் ஓய்வெடுக்கும் ஏழாம் ஆண்டில் அந்தப் பகுதியில் எந்த விளைபொருள்களுக்குத் தடை என்ற பட்டியலோடு அது தொடங்குகிறது. வெள்ளரி, எள், கடுகு, அரிசி, சீரகம், பூண்டு, வெங்காயம் என்று போகிறது பட்டியல். வாசகம், கலிலேயாவில் எழுந்த எருசலேம் தல்மூதோடு நெருங்கி ஒத்துப்போகிறது. ரபிகளின் சட்டம் அதற்குள் ஒரு கிராமத்து மக்கள் காலடியில் படிக்கும் அளவுக்கு வேரூன்றிவிட்டது. பபாதாவுக்கும் ரெஹோவுக்கும் நடுவே சுமார் நான்கைந்து நூற்றாண்டுகள் இருக்கின்றன. அந்தச் சட்டம் எப்படி, எந்த ஊர்களில், யாரிடம் படிப்படியாகச் செல்வாக்குப் பெற்றது என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. முதல் நாளிலிருந்தே எல்லோரும் அதன்படி நடந்தார்கள் என்று எழுதினால், அந்த ரபிகள் பல தலைமுறைகளாகப் பட்ட பாடும் மறைந்துபோகிறது.

பபாதாவின் கிரேக்கப் பத்திரங்கள் 1989-லேயே அச்சில் வந்துவிட்டன. கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், மகனுக்காக பபாதா கொடுத்த அந்த வாக்குமூலத்தை முழுமையாகத் தமிழில் தந்து, பக்கத்திலேயே பாவா பத்ராவின் கடைசி அத்தியாயத்தையும் கித்தீனின் முதல் அத்தியாயத்தையும் வைத்து விளக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு இரண்டு பக்கம் கூடுதலாக ஒதுக்க முடியுமா என்று தாங்கள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர்,
திருநெல்வேலி.