சீரத்தில் நிறம் மாறாத தங்கம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். தேடும் மூலக்கூறு வந்தால் நிறம் மாறிக் காட்டும் உணரிக்காக நீ செய்த தங்க நானோ துகள்கள், அமிலத்தன்மை மாறாத பஃபர் கரைசலில் சிவப்பிலிருந்து நீலத்துக்கு அழகாக மாறின என்றும், இரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதியான சீரத்தைச் சேர்த்ததும் எதற்கும் அசையாமல் சிவப்பாகவே நின்றுவிட்டன என்று எழுதியிருந்தாய். மூன்று மாத உழைப்பு வீணாயிற்று என்றும் அதன் கீழே ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆய்வுக்கு வந்த புதிதில் எனக்கு இதற்கு நேர்மாறானது நடந்தது. டிஎன்ஏ இழைகளைப் பிணைத்த துகள்களில் மாதிரியை ஊற்றினேன். சில நொடிகளில் திரவம் நீலமாயிற்று. தேடிய இழையைக் கண்டுபிடித்துவிட்டதாக அன்று மாலையே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள், அந்த இழையே இல்லாத வெற்று மாதிரியை ஊற்றினேன். அதுவும் நீலமாயிற்று. மாற்றத்தைச் செய்தது டிஎன்ஏ அல்ல, மாதிரியில் இருந்த உப்பு. வெற்று மாதிரியை முதல் நாளே வைக்காதது என் தவறு. அதன் பின் ஒரு நாளும் அதை விட்டதில்லை.

சிட்ரேட் என்னும் எதிர்மின் அயனி போர்த்திய துகள்கள் அந்த எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கின்றன. அப்போது அவற்றின் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை உட்கொள்வதால் நம் கண்ணுக்குச் சிவப்பு தெரிகிறது. உப்பின் அயனிகள் அந்த விலக்கு விசையை மறைத்துவிட்டால் துகள்கள் நெருங்கித் திரள்கின்றன. உட்கொள்ளும் ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகர, நீலம் தோன்றுகிறது. உப்பு இட்டால் சிவப்புத் தங்கம் நீலமாவதை மைக்கேல் ஃபாரடே 1857-லேயே பதிவு செய்திருக்கிறார். ஆகவே நீலம் என்பது திரண்டதற்கான சான்று மட்டுமே. எதனால் திரண்டது என்பதை அது சொல்லாது.

இப்போது உன் சிக்கலுக்கு வருகிறேன். சீரத்தில் உள்ள புரதங்கள், முக்கியமாக ஆல்புமின், துகளைத் தொட்ட சிறிது நேரத்திலேயே அதன் மேற்பரப்பில் படிந்து ஒரு போர்வையாகிவிடுகின்றன. அந்தப் போர்வைக்குள் இருக்கும் துகள்கள் உப்பு இட்டாலும் நெருங்குவதில்லை; நீ தேடும் மூலக்கூறு வந்தாலும் அதனால் அவற்றைப் பிணைக்க முடிவதில்லை. இதுவும் பழைய செய்திதான். 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற ரிச்சர்ட் சிக்மாண்டி, உப்பினால் நிறம் மாறாதபடி தங்கக் கரைசலைக் காக்க ஒரு பொருள் எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதையே ஓர் அளவாக்கி, அதற்குத் ‘தங்க எண்’ என்று பெயரிட்டார். அவர் அளந்து பார்த்த அதே காப்பாற்றும் குணம்தான் இன்று உன் உணரியின் வாயை அடைத்திருக்கிறது.

சீரத்தைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்க்க வைத்து இதைத் தாண்டிவிடலாம் என்று உனக்குத் தோன்றும். அது எனக்குப் பிடிக்காத வழி, ஏனென்றால் தேடும் மூலக்கூறும் அதே அளவுக்கு நீர்த்துப்போகும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை நினைத்துப் பார். அதில் தங்கத் துகள்கள் திரண்டு நிறம் மாற வேண்டிய தேவையே இல்லை. ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியைத் தாங்கிய துகள்கள் ஒரு கோட்டில் பிடிபட்டுச் சேர்வதால்தான் சிவப்பு தெரிகிறது. ஆன்டிபாடி ஏறிய பின் மிஞ்சிய வெற்றிடங்களை ஆல்புமினைக் கொண்டே மூடும் வழக்கமும் உண்டு. உனக்குத் தடையாக நின்ற புரதம் அங்கே காவலாகிறது. திரளலை நம்பாத அப்படியொரு வடிவத்துக்கு உன் உணரியை மாற்ற முடியுமா என்று யோசி.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சீரத்தில் ஊறிய துகள்களை மையவிலக்கியில் பிரித்துக் கழுவி, நீரில் மீண்டும் கலந்து, எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உட்கொள்கின்றன என்று காட்டும் நிறமாலையை எடு. சீரம் காணாத துகள்களின் நிறமாலையையும் அதே நாளில் எடு. கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் புரதம் படிந்திருந்தால் உச்சி சில நானோமீட்டர் வலப்புறம், அதாவது நீண்ட அலைநீளத்தை நோக்கி, நகர்ந்திருக்க வேண்டும். இரண்டு வரைபடங்களையும் எனக்கு அனுப்பு; வெற்று மாதிரியினுடையதையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
அம்மா